மழைக்கு முன்னே அடித்து முடியுங்கள்: ஸ்கேல் மாடலுக்குக் கிளியர் கோட்

1/24 அளவுக் கார் ஒன்றுக்கு நிறம் அடித்து, டீகேலும் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் மெல்லிய படம்) ஒட்டியாயிற்று. இருந்தும் பார்த்தால் பிளாஸ்டிக்காகவே தெரிகிறது. டீகேலின் ஓரம் வேறு தனிப் படலமாகத் துருத்திக்கொண்டு நிற்கிறது. இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: நிறத்தின் மேல் போடும் நிறமில்லாத பளபளப்புப் பூச்சு, அதாவது கிளியர் கோட்.

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்காய், பீடோர், சுங்கை சிப்புட் என்று செம்பனைக்கும் ரப்பருக்கும் நடுவே இருக்கும் ஊர்களில் மாடல் கட்டுகிறவர்கள் பெரும்பாலும் வெளிநாட்டுக் காணொளிகளைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறார்கள். அவர்கள் காட்டும் கைப்பழக்கம் சரிதான், காற்றுதான் வேறு. குளிர்நாட்டில் ஸ்ப்ரே டின்னை வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்துச் சூடேற்றச் சொல்வார்கள். இங்கே 30 டிகிரியில் அது தேவையே இல்லை. ஈரப்பதத்தை அவர்கள் ஒரு வரியில் சொல்லி முடித்துவிடுவார்கள். நமக்கோ பாதி வேலை அதிலேதான் இருக்கிறது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடலாம். பளபளப்பு எல்லாவற்றுக்கும் பொருந்தாது. செம்மண் பாதையில் ஓடும் தோட்டத்து லாரியும் ராணுவ ஜீப்பும் மங்கலாக இருந்தால்தான் நிஜம்போல இருக்கும். ஆனாலும் அவற்றுக்குக்கூட டீகேல் ஒட்டுமுன் மெல்லிய பளபளப்புப் பூச்சு ஒன்று வேண்டும். மேட், அதாவது மங்கல் நிறத்தின் மேற்பரப்பு கண்ணுக்குத் தெரியாத அளவில் சொரசொரப்பாக இருக்கும். அந்தப் பள்ளங்களில் காற்று சிக்கிக்கொண்டு, டீகேலுக்கு அடியில் வெள்ளியாக மினுங்கும். வழவழப்பான பரப்பில் ஒட்டினால் அந்தத் தொல்லை இல்லை. கடைசியில் மேட் கிளியர் அடித்து மறுபடி மங்கலாக்கிக்கொள்ளலாம்.

எதை வாங்குவது

புதிதாகத் தொடங்குபவருக்கு டாமியா டிஎஸ்-13 போதும். 100 மில்லி ஸ்ப்ரே டின், லேக்கர் வகை (கடுமையான கரைப்பானில் சீக்கிரம் காய்வது). ஒரு டின்னில் இரண்டு மூன்று கார்களை முடிக்கலாம். வாங்கும்போது எண்ணைப் பார்த்து வாங்குங்கள்: டிஎஸ்-79 அரைப் பளபளப்பு, டிஎஸ்-80 முழு மேட். டின்கள் அச்சில் வார்த்தாற்போல ஒரே மாதிரி இருக்கும்.

ஏர்பிரஷ் (காற்றழுத்தத்தில் நிறம் தெளிக்கும் சிறு கருவி) இருந்தால் மிஸ்டர் கலர் ஜிஎக்ஸ்100 கிளியர் நல்லது, 18 மில்லி பாட்டிலில் வருகிறது. டாமியா எக்ஸ்-22 அக்ரிலிக் வகை. வாடையும் கடுமையும் குறைவு, டீகேலுக்கும் ஆபத்தில்லை. ஆனால் கெட்டிப்பட நாளாகும், மெருகேற்றினால் லேக்கர் அளவுக்குத் தெளிவாகவும் வராது.

பட்டணத்து ஹார்ட்வேர் கடையில் பாதி விலைக்குக் கிளியர் ஸ்ப்ரே கிடைக்கும். இரும்புக் கேட்டுக்கு அது சரி. அதிலுள்ள கரைப்பான் மாடல் பிளாஸ்டிக்குக்கு மிகவும் கடுமையானது, மெல்லிய இடங்களை இளக்கிச் சுருக்கிவிடும். அதே கடையின் தின்னரைக் கிண்ணம் கழுவ வைத்துக்கொள்ளுங்கள், கலக்க வேண்டாம்.

ஹார்டனர் (கெட்டிப்படுத்தும் திரவம்) கலந்து கார் பட்டறையில் அடிக்கும் 2கே கிளியரின் கண்ணாடிப் பளபளப்பு யாரையும் மயக்கும். ஆனால் அதன் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. மூச்சில் போனால் நிரந்தர ஆஸ்துமாவே வரலாம். வீட்டுக் கூடத்தில் அடிக்கும் சரக்கு அல்ல அது.

அடியில் இருக்கும் நிறம் என்ன வகை என்பதும் முக்கியம். லேக்கர் நிறத்தின் மேல் லேக்கர் கிளியர் தாராளமாகப் போகும். அக்ரிலிக்கின் மேல் மெல்லிய படலங்களாகப் போகும். எனாமலின் மேல் மட்டும் லேக்கர் அடிக்காதீர்கள், சுருங்கி வெடித்துவிடும்.

நேரம் பார்ப்பது

கிளியர் அடித்த கொஞ்ச நேரத்தில் பூச்சு பால்போல வெளுத்துப் போனால் டின்னைத் திட்ட வேண்டாம். கரைப்பான் ஆவியாகும்போது பரப்பைக் குளிரவைக்கிறது. காற்றிலுள்ள ஈரம் அந்தக் குளிர்ந்த பரப்பில் படிகிறது. தே ஓ ஐஸ் (பாலில்லாத ஐஸ் தேநீர்) கிளாஸின் வெளிப்பக்கம் வேர்ப்பது இதே காரணத்தால்தான். கிளாஸைத் துடைத்துவிடலாம், கிளியருக்குள் மாட்டிக்கொண்ட ஈரத்தைத் துடைக்க முடியாது.

தோட்டத்துப் பக்கம் காலையில் பனிமூட்டம், அப்போது ஈரப்பதம் 90 விழுக்காட்டுக்கு மேல் நிற்கும். வெயில் ஏற ஏற அது இறங்கும். பதினொரு மணியிலிருந்து இரண்டு மணிவரை பெரும்பாலும் நல்ல நேரம், அதன் பிறகு பிற்பகல் மழை. சின்ன ஈரப்பதமானி ஒன்று வாங்கி அடிக்கும் இடத்திலேயே வையுங்கள். 70-க்குக் கீழே இருந்தால் கவலையில்லாமல் அடிக்கலாம். 70-க்கும் 80-க்கும் இடையில் மெல்லிய படலங்கள் மட்டும். 80 தாண்டினால் அன்றைக்கு உப்புத்தாள் வேலை பாருங்கள். மானி இல்லாதவர்களுக்கு அம்மாவின் குரல் போதும்: “தம்பி, மழை வருது, துணிய எடு!” என்று கேட்டால் டின்னையும் கீழே வைத்துவிடலாம்.

இரவில் அடிப்பவர்களுக்கு இன்னொரு எதிரி ஈசல். மாலை மழை விட்டதும் விளக்கைத் தேடி வந்து, பூச்சு காயாத கார்க் கூரைமேல் இறங்கி, இறகை விட்டுவிட்டுப் போகும். ஒரு இறகை எடுக்கப் போய்க் கூரை முழுவதையும் திரும்ப அடிக்க வேண்டிவரும்.

தயார் செய்தல்

நிறம் அடித்து ஒரு நாள், டீகேல் ஒட்டி இன்னும் ஒரு நாள் முழுதாகக் காயட்டும். மழைக்காலத்தில் டீகேலுக்கு இரண்டு நாள் கொடுங்கள். அடியில் தண்ணீர் தங்கியிருந்தால் கிளியருக்குக் கீழே கொப்புளமாக எழும்பும். டீகேலைச் சுற்றிக் காய்ந்த பசையை ஈரமான பஞ்சுக்குச்சியால் மெதுவாகத் துடையுங்கள். விட்டுவிட்டால் பழுப்பு வளையமாக நிரந்தரமாக நிற்கும்.

அடுத்தது கை. தலைக்குத் தேங்காய் எண்ணெய் தடவிய கையோடு காரின் கூரையைத் தொட்டால், அந்த இடத்தில் கிளியர் ஒட்டாமல் மீன்கண் போல வட்ட வட்டமாக விலகி நிற்கும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, கையுறை மாட்டிக்கொண்டு, உடலை உள்பக்கமாகவே பிடியுங்கள். கொசு மருந்து ஸ்ப்ரே அடித்த அறையிலும் அன்றைக்கு வேண்டாம்.

பிடிமானத்துக்கு மைலோ டின் நல்லது. அதன் தலையில் டேப்பைச் சுருட்டி வைத்து, கார் உடலின் உள்கூரையை அதில் அழுத்தி நிறுத்துங்கள். டின்னைச் சுழற்றினால் கார் சுழலும், கை படாது. கண்ணாடிப் பாகங்களை இன்னும் பொருத்தாமல் தனியே வைத்திருப்பது நல்லது. குரோம் நிறம் அடித்த பாகங்களுக்குக் கிளியர் வேண்டாம், மினுமினுப்பு செத்துச் சாம்பலாகிவிடும்.

கொல்லைப்புறத்திலோ காற்றோடும் வாசலிலோ அடியுங்கள். ஆவி வடிகட்டும் கேட்ரிட்ஜ் உள்ள முகமூடி வேண்டும், துணி முகமூடி தூசியைத்தான் தடுக்கும். டின்னில் இருக்கும் வாயு எளிதில் தீப்பிடிக்கும். சாமி விளக்கு, கொசுவத்தி, அடுப்பு எதுவும் பக்கத்தில் எரியக்கூடாது. வெள்ளிக்கிழமை சாம்பிராணி போட்ட கையோடு இதைத் தொடங்க வேண்டாம்.

முதலில் கரண்டி

தாப்பாவ் (பார்சல் சாப்பாடு) வாங்கும்போது வரும் வெள்ளைப் பிளாஸ்டிக் கரண்டிகளை எறியாமல் சேர்த்து வையுங்கள். மடக்கினால் படக்கென்று உடைகிற வகைதான் வேண்டும், வளைகிற வகையில் பெயின்ட் ஒட்டாது. காருக்கு அடித்த அதே நிறத்தைக் கரண்டியின் முதுகில் அடித்து, மீந்த டீகேல் துண்டு ஒன்றையும் ஒட்டி, அதன்மேல் கிளியரைச் சோதியுங்கள். டீகேல் சுருங்குவதானால் இங்கேயே சுருங்கட்டும்.

அடிக்கும் முறை

டின்னை ஒரு நிமிடம் நன்றாகக் குலுக்குங்கள். 20 முதல் 25 சென்டிமீட்டர் தூரம். பட்டனைக் காருக்கு வெளியே அழுத்தத் தொடங்கி, காரைக் கடந்து, அந்தப் பக்கம் போனபின் விடுங்கள். 18 சென்டிமீட்டர் நீளமுள்ள உடலைக் கடக்க ஒரு வினாடி என்பது சரியான வேகம். காரின் மேலேயே பட்டனை அழுத்தினால் முதல் துப்பலில் வரும் பெரிய துளிகள் அங்கேயே விழும்.

முதல் இரண்டு சுற்றும் தூறல் மாதிரி. பூச்சு பளபளக்கக்கூடாது, மேலே மணல் தூவியதுபோல் தெரிந்தால் போதும். இடையில் 10 முதல் 15 நிமிடம். இந்த இரண்டு சுற்றும் டீகேலுக்குப் போடும் கவசம். டிஎஸ்-13 நேரடியாகக் கனமாக விழுந்தால் டீகேலை இளக்கிச் சுருக்கும். தூறலாக விழுந்தால் கரைப்பான் கீழே ஊறுமுன்னே பறந்துவிடும்.

அடுத்த இரண்டு சுற்றும் ஈரமாக. பக்கக் கண்ணாடி, பம்பரின் அடி, கதவின் ஓரம் போன்ற மூலைகளை முதலில் முடித்துவிட்டு, பக்கங்கள், கடைசியாகக் கூரையும் பானட்டும். ஒவ்வொரு வரியும் முந்திய வரியைப் பாதி மூட வேண்டும்.

எவ்வளவு ஈரம் போதும் என்பதை டியூப் லைட் சொல்லும். கூரையில் விழும் அதன் பிம்பத்தைச் சாய்வாகப் பாருங்கள். முதலில் ஓரம் கலைந்து பஞ்சுபோல இருக்கும். டின் ஒருமுறை கடந்ததும் அந்தப் பஞ்சு ஒன்றுகூடி, பிம்பத்தின் ஓரம் நூல் பிடித்தாற்போல் நேராகும். அந்த நொடியில் நிறுத்துங்கள். இன்னும் ஒரு தடவை போனால் கதவின் கீழ்வரிசையில் துளி சேர்ந்து வழியத் தொடங்கும்.

ஈரச் சுற்றுகளுக்கு இடையே அரை மணி நேரம். ஏர்பிரஷ்காரர்களுக்கு: 0.3 மில்லிமீட்டர் நாசில், 15 முதல் 18 பிஎஸ்ஐ காற்றழுத்தம், 10 சென்டிமீட்டர் தூரம். ஜிஎக்ஸ்100 ஒரு பங்குக்கு மிஸ்டர் லெவலிங் தின்னர் ஒரு பங்கு, கடைசிச் சுற்றுக்கு மட்டும் தின்னர் இரண்டு பங்கு. அந்தத் தின்னரில் காய்வதைத் தாமதப்படுத்தும் மருந்து இருக்கிறது. நம் ஊர் வெயிலுக்கு அது பெரிய உதவி.

முடிந்ததும் பெரிய பிஸ்கட் டின்னையோ பிளாஸ்டிக் டப்பாவையோ கவிழ்த்து மூடுங்கள், அடியில் ஒரு குச்சி வைத்துச் சிறு இடைவெளி விடுங்கள். செம்பனை ஆலைப் பக்கம் வீடு என்றால் ஒரு மணி நேரத்தில் கரித்தூள் வந்து உட்கார்ந்துவிடும், மூட மறக்காதீர்கள். மறுநாள் தொடலாம், மெருகேற்ற ஒரு வாரம் பொறுங்கள். மூக்கைப் பக்கத்தில் கொண்டுபோய் முகர்ந்தால் இன்னும் வாடை அடிக்கிறதா? அப்படியென்றால் காயவில்லை. விரல் ரேகை பதியும்.

மெருகு

நன்றாக வந்திருந்தால் உப்புத்தாளைத் தொடவே வேண்டாம். ஆரஞ்சுத் தோல்போலப் பொரிபொரியாக இருந்தால் மட்டும் 2000 தாளைத் தண்ணீரில் நனைத்து, பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு துளி விட்டு, ஒரே திசையில் தேயுங்கள். பிறகு 3000. பரப்பு முழுவதும் ஒரே மாதிரி மங்கியதும் டாமியாவின் மூன்று காம்பவுண்டுகளையும் வரிசையாக, கோர்ஸ், ஃபைன், ஃபினிஷ் என்று, வெவ்வேறு துணியில். துணியை மாற்றாவிட்டால் முந்தியதன் கீறலே திரும்பி வரும்.

ஓரங்களும் கோடுகளும்தான் ஆபத்தான இடம். கிளியர் அங்கே எப்போதும் மெல்லியதாகவே படியும், நான்கு தேய்ப்பில் நிறம் தெரிந்துவிடும். தேய்க்குமுன் ஓரங்களில் 1 மில்லிமீட்டர் மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். கழுவும் தண்ணீரில் நிறம் கலங்கத் தொடங்கினால் அந்த நிமிடமே நிறுத்துங்கள்.

கெட்டுப்போனால்

வெளுத்துப்போனதை ஒரு நாள் காயவிட்டு, வறண்ட நேரம் பார்த்து லெவலிங் தின்னரை மட்டும் ஏர்பிரஷில் தூறலாக அடித்தால், மேல்தோல் இளகிச் சிக்கிய ஈரம் வெளியேறும். பெரும்பாலும் தெளிந்துவிடும். ஏர்பிரஷ் இல்லையென்றால் வறண்ட நாளில் மெல்லிய கிளியர் ஒரு சுற்று அடித்துப் பாருங்கள்.

ஆரஞ்சுத் தோல் வந்தால் தூரம் அதிகம், துளி வழியிலேயே காய்ந்து விழுந்திருக்கிறது. வழிந்தால் கிட்டத்தில் நின்றிருக்கிறீர்கள். வழிந்ததை ஈரத்தில் துடைக்கப் போகாதீர்கள், ஒரு வாரம் கழித்து 2000 தாளால் தட்டையாக்கலாம். மீன்கண்ணுக்குச் சமாதானம் கிடையாது. காயவிட்டு, தேய்த்து, சோப்பில் கழுவி, மறுபடி அடிக்க வேண்டும். டீகேல் சுருங்கியிருந்தால் அதுவும் போனதுதான், புது டீகேல் தேடுங்கள்.

வேலை முடிந்ததும் டின்னைத் தலைகீழாகப் பிடித்து, வெறும் வாயு வரும்வரை இரண்டு மூன்று வினாடி அழுத்துங்கள். இல்லையென்றால் நாசிலில் கிளியர் காய்ந்து, அடுத்த தடவை எச்சில்போலத் துப்பும். மீந்த டின்னை நிழலான அலமாரியில் வையுங்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவிட்டுக் கடைக்குப் போகாதீர்கள், 50 டிகிரி தாண்டினால் டின் வெடிக்கலாம்.