எக்ஸ்எம்எல்லில் 'ஆர்டர்' வந்தால் டேக்கில் கை வைக்காதீர்கள்

போன வாரம் எங்கள் கரூர் ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த தம்பி, "அண்ணா, எர்ரர் போயிருச்சுங்க" என்று சந்தோஷமாக வந்தான். என்ன செய்தாய் என்றேன். "ஃபைல்ல 'ஆர்டர்'னு வர்ற இடத்தையெல்லாம் 'ஆர்டர்நோ'னு மாத்திட்டனுங்க." எனக்கு வயிற்றைக் கலக்கியது. எக்ஸ்எம்எல் என்பது தகவலை டேக் என்னும் பெயர்க்குறிகளுக்குள் வைத்து அனுப்பும் ஃபைல். அந்த டேக்கின் பெயர், டேட்டாபேஸ் மொழியான எஸ்கியூஎல்லின் கீவேர்டோடு, அதாவது அது தனக்கென ஒதுக்கிய சொல்லோடு, மோதும்போது நாம் செய்யும் தப்புகள்தான் இங்கே. கமா விட்டது, அடைப்புக்குறி மூடாதது எல்லாம் இங்கே பேசப்போவதில்லை. அவற்றை எர்ரரே காட்டிக்கொடுத்துவிடும்.

டேக் பெயரை மாற்றுவது

பல வருடம் முன்பு நானும் இதைத்தான் செய்தேன். டவல் ஏற்றுமதி செய்யும் கம்பெனி. வெளிநாட்டு பையர் அனுப்பிய எக்ஸ்எம்எல்லில் 'ஆர்டர்' என்று ஒரு டேக். அதிலிருந்து தகவலை எடுக்க எழுதிய குவெரியில், அதாவது டேட்டாபேஸுக்குக் கொடுக்கும் கட்டளையில், அதே பெயரை அலியாஸாக (விடையின் நெடுவரிசைக்கு நாம் வைக்கும் பெயர்) வைத்ததும் எஸ்கியூஎல் சர்வர் என்னும் டேட்டாபேஸ் முரண்டு பிடித்தது. வரிசைப்படுத்தச் சொல்லும் ஆர்டர் பை-யில் வரும் ஆர்டர் அதற்குச் சொந்தமான சொல். நான் ஃபைலைத் திறந்து ஒரே அடியாக ரீப்ளேஸ் கொடுத்தேன். ஆங்கிலத்தில் 'பார்டர்' என்று எழுதிப் பாருங்கள், அதற்குள் 'ஆர்டர்' உட்கார்ந்திருக்கும். நீல பார்டர் டவல் எல்லாம் 'நீல பார்டர்நோ டவல்' ஆகி, லேபிள் அச்சாகி, அட்டைப்பெட்டியிலும் ஒட்டியாகிவிட்டது. தூத்துக்குடி போகிற கன்டெய்னர் வாசலில் நிற்க, விடிய விடிய லேபிள் உரித்தோம்.

இத்தனைக்கும் டேக் மேல் தப்பே இல்லை. ஒரே குவெரிக்குள் இரண்டு மொழி ஓடுகிறது. ஒற்றை மேற்கோளுக்குள் இருக்கும் பாதை எக்ஸ்பாத், எக்ஸ்எம்எல்லுக்குள் டேக்கைத் தேடிப் போகும் மொழி. அங்கே 'ஆர்டர்', 'குரூப்', 'டேபிள்' எல்லாம் வெறும் பெயர்கள். மேற்கோளுக்கு வெளியே இருப்பதுதான் எஸ்கியூஎல். சண்டை அங்கே மட்டும். அலியாஸைச் சதுர அடைப்புக்குள் போட்டால் தீர்ந்தது. மற்ற டேட்டாபேஸ்களில், போஸ்ட்கிரெஸ்ஸில் இரட்டை மேற்கோள், மைஎஸ்கியூஎல்லில் பேக்டிக் (`). விடையை எக்ஸ்எம்எல்லாக மாற்றும் ஃபார் எக்ஸ்எம்எல் பாத் போட்டு பையருக்குத் திருப்பி அனுப்பும்போதும் அந்த அலியாஸே பழைய டேக்காக வெளியே வரும், அடைப்பு வராது.

சதுர அடைப்பைப் பாதைக்குள்ளும் போடுவது

வெளியே வேலை செய்த மருந்தை உள்ளேயும் தடவுவார்கள். எக்ஸ்பாத்தில் சதுர அடைப்பு என்றால் நிபந்தனை. பாதையில் டேக்குகளைப் பிரிக்கும் சாய்கோட்டுக்குப் பின் போட்டால் எர்ரர் வரும், பிழைத்தீர்கள். கோடு இல்லாமல், வெளியே இருக்கும் 'பேக்கிங்' டேக்கை ஒட்டி 'ஆர்டர்' என்று அடைப்பில் போட்டால் எர்ரரே வராது. ஆர்டரைக் கேட்ட உங்களுக்கு, ஆர்டரை உள்ளே வைத்திருக்கும் பேக்கிங் முழுசாக வந்து நிற்கும்.

ஹைஃபன்

டேக் பெயரின் நடுவே ஹைஃபன் (-) இருந்தால் பாதையில் அப்படியே விடுங்கள். அலியாஸில் வந்தால் அதற்கும் அடைப்பு.

நல் (காலி விடை) வந்தாலும் கீவேர்டைத் திட்டுவது

கீவேர்ட் மோதினால் எர்ரர் வரும், நல் வராது. நல் வந்தால் முதலில் பெரிய எழுத்து, சிறிய எழுத்தைப் பாருங்கள். எக்ஸ்எம்எல்லுக்கு இரண்டும் வேறு. அப்புறம் ஃபைலின் முதல் வரிகளில் நேம்ஸ்பேஸ், அதாவது டேக் பெயர்கள் எந்தத் தொகுப்பைச் சேர்ந்தவை என்று சொல்லும் அறிவிப்பு, இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் குவெரியிலும் அதை அறிவிக்க வேண்டும்.

தம்பியிடம், "ஒரிஜினல் ஃபைல் இருக்குதா கண்ணு?" என்று கேட்டேன். அதன் மேலேயே சேவ் செய்திருந்தான். பையருக்கு மெயில் போட்டிருக்கிறோம்.