ஆம்ப்ளிஃபயருக்குப் பேரம் பேசுவதற்கு முன் ஒரு சின்னக் கணக்கு

காட்பாடியில் ஆடியோ சர்வீஸ் செய்கிறேன். அதற்கு முன் சென்னையில் ஒரு ஹைஃபை ஷோரூமில் பில் போட்டவன். பெரிய செட் வாங்கக் கிளம்புகிறவர்கள் என்னிடம் கேட்பது ஒன்றைத்தான்: "எவ்வளவுண்ணே குறைப்பாங்க?" கையில் பேனாவைக் கொடுத்து அவர்களையே கணக்குப் போடச் சொல்வேன்.

ஆம்ப்ளிஃபயரின் எம்.ஆர்.பி. 1,18,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். எம்.ஆர்.பி.யில் வரியும் அடக்கம். 18 சதவீத ஜி.எஸ்.டி.யைக் கழிக்க 1.18-ஆல் வகுங்கள், கடைக்காரர் கணக்கில் நிற்பது 1,00,000. டீலர் மார்ஜின் 30 சதவீதம் என்றால் அவருடைய கொள்முதல் 70,000. பத்து சதவீதம் தள்ளுபடி கேட்கிறீர்கள். விலை 1,06,200 ஆகிறது, வரி போக 90,000. முப்பதாயிரம் லாபம் இருபதாயிரமாகிவிட்டது. உங்களுக்குப் பத்து சதவீதம்தான். அவருக்கு லாபத்தில் மூன்றில் ஒரு பங்கு போச்சு. மிச்சத்தில்தான் வாடகை, சம்பளம், கேட்டுப் பார்க்க வைத்திருக்கும் டெமோ செட்டில் முடங்கிய பணம் எல்லாம். வேலூர் லாங்கு பஜாரில் மூட்டைக் கணக்கில் பருப்பு தள்ளுகிறவரைப் போல இவருக்குத் தினமும் வியாபாரம் ஓடாது.

அதனால் ரொக்கத்தில் ஓரளவு கேளுங்கள், மீதியைப் பொருளாகக் கேளுங்கள். ஆம்ப்ளிஃபயரைவிடக் கேபிளில் மார்ஜின் பொதுவாக அதிகம். ஐயாயிரம் ரூபாய் கேபிளைச் சும்மா கொடுத்தால் அவர் கையை விட்டுப் போவது அதன் கொள்முதல் விலைதான். ஸ்டாண்டும் அப்படியே. (பத்தடி தூரத்துக்கு நல்ல தடிமனான செம்பு ஒயர் போதும் என்பது என் கட்சி. இலவசமாக வந்தால் வேண்டாம் என்று சொல்லாதீர்கள்.)

நல்ல குறைப்பு வேண்டுமானால் டெமோ பீஸ், இல்லையேல் புது மாடல் வந்ததால் தேங்கிய பழைய மாடல். டெமோ பீஸுக்கு வாரண்டி எந்தத் தேதியிலிருந்து என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அமெரிக்க விலையை டாலர் கணக்கில் பெருக்கி, "இங்கே கொள்ளையடிக்கிறான்" என்று வருகிறவர்கள் உண்டு. அமெரிக்காவில் போடும் விலையில் பெரும்பாலும் விற்பனை வரி சேராது. இங்கே அதன்மேல் கப்பல் கூலி, சுங்கம், ஜி.எஸ்.டி., இறக்குமதியாளர் லாபம் எல்லாம் ஏறும். அப்படியும் இரட்டிப்பு விலை சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

"பில் வேண்டாமா சார், குறைச்சுப் போட்டுடலாம்" என்றால் வேண்டவே வேண்டாம். பில் இல்லாமல் வாரண்டி கேட்க முடியாது. பெட்டியில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, மாதம், வருடம், எம்.ஆர்.பி. அச்சிட்ட ஸ்டிக்கர் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் அது அநேகமாகக் குருவி (வெளிநாட்டிலிருந்து பயணியாக வந்து சரக்கைக் கையோடு கொண்டுவருகிறவர்) கொண்டுவந்த சரக்கு. அதன் விலை குறைவுதான், ஆனால் போர்டு போனால் இங்குள்ள கம்பெனி சர்வீஸ் சென்டர் கைவிரிக்கும்.

அப்புறம், ஒருவர் ஷோரூமில் அரை நாள் ஏசியில் உட்கார்ந்து கேட்டுவிட்டு வேறு இடத்தில் ஆயிரம் ரூபாய் குறைவாக வாங்குவது எனக்குப் பிடிக்காத வேலை.

வேலூர்க்காரர்கள் விலை பேசும்போதே முடிக்க வேண்டியது போக்குவரத்து. பெரிய டவர் ஸ்பீக்கர் ஒன்றே முப்பது கிலோ வரும். ரிப்பேர் என்றால் சென்னைக்கு அனுப்பும் லாரி வாடகை யார் தலையில் என்பதைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். அட்டைப்பெட்டியையும் தெர்மாகோலையும் பரணில் போட்டு வையுங்கள். அவை இல்லாமல் பார்சல் ஆபீஸில் ஸ்பீக்கரை வாங்க யோசிப்பார்கள்.