நான்காண்டுப் படிப்பில் மூன்றாண்டுதான் கணக்கு: பொறியியல் மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வையும் அதைத் தொடர்ந்த கவுன்சிலிங் பதற்றத்தையும் கடந்து பொறியியல் கல்லூரிக்குள் நுழையும் மாணவருக்கு, வீட்டிலும் விடுதியிலும் தவறாமல் கிடைக்கும் ஆறுதல் ஒன்று உண்டு: இனி நான்கு வருஷம் இருக்கிறது, மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம். பின்னால் நேரும் இழப்புகள் பலவற்றுக்கு வேர் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. வளாக நேர்காணல்கள் பெரும்பாலான கல்லூரிகளில் ஏழாம் செமஸ்டர் தொடங்கும்போதே ஆரம்பமாகிவிடுகின்றன. அப்போது நிறுவனத்தின் கைக்குப் போவது முதல் ஆறு செமஸ்டர்களின் மதிப்பெண் மட்டுமே. மேற்படிப்புக்கான கேட் தேர்வு பிப்ரவரியில் நடக்கிறது. அதற்கான விண்ணப்பமோ முந்தைய ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கிலேயே வந்துவிடும். ஆகவே நான்கு ஆண்டு என்று நாம் சொல்லும் படிப்பு, அடுத்த கதவைத் திறப்பதற்கான கணக்கில் மூன்று ஆண்டுதான். அந்த மூன்றில் முதலாண்டை ஒத்திகை என்று நினைத்துக் கழித்துவிட்டால் மிஞ்சுவது இரண்டு.

இதை எண்களில் பார்ப்பது நல்லது. எல்லா செமஸ்டருக்கும் ஏறக்குறைய ஒரே அளவு கிரெடிட் (பாடங்களுக்குரிய எடை) என்று வைத்துக்கொள்வோம். முதலாண்டின் இரண்டு செமஸ்டர்களிலும் 6.5 எடுத்த மாணவர், ஆறாம் செமஸ்டர் முடிவில் 7.5 சிஜிபிஏ (அதுவரையிலான எல்லா செமஸ்டர்களுக்கும் சேர்த்துப் பத்துக்குக் கணக்கிடும் சராசரி) காட்ட வேண்டுமானால், நடுவில் உள்ள நான்கு செமஸ்டர்களிலும் சராசரியாக 8 எடுக்க வேண்டும். அவரே 8 காட்ட விரும்பினால் அந்த நான்கிலும் 8.75 தேவைப்படும். பாடங்கள் கடினமாகிக்கொண்டே போகும் ஆண்டுகளில் இது எத்தனை பேருக்குக் கைகூடும் என்பதை அவரவரே முடிவு செய்துகொள்ளலாம். சராசரி என்பது பழையதை மறக்காது.

‘சாய்ஸில் விடுவது’ என்னும் பள்ளிப் பழக்கம்

அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளில் 2021ஆம் ஆண்டு ஒழுங்குமுறையின் கீழ் படிப்பவர்களை எடுத்துக்கொள்வோம். எழுத்துத் தேர்வுப் பாடத்துக்கு இன்டர்னல் (கல்லூரியின் அகமதிப்பீடு) 40, செமஸ்டர் தேர்வு 60 என்று மதிப்பெண் பிரிக்கப்படுகிறது. இன்டர்னலில் 36 வாங்கிவிட்ட மாணவர், இனி 14 எடுத்தால் தேர்ச்சிக்குரிய 50 வந்துவிடும் என்று மகிழ்வதைப் பல வகுப்புகளில் கேட்கலாம். செமஸ்டர் தேர்வில் மட்டும் தனியாகக் குறைந்தது 45 சதவீதம் எடுக்க வேண்டும் என்ற விதியை அவர் படித்திருப்பதில்லை. அந்த எல்லைக்குக் கீழே நின்றுவிட்டால், இன்டர்னல் எவ்வளவு உயர்ந்திருந்தாலும் அரியர்தான், அதாவது மறுபடி எழுதித் தேற வேண்டிய நிலுவைப் பாடம்.

கேள்வித்தாளின் அமைப்பையும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நூறு மதிப்பெண்ணுக்கு எழுதி 60க்குச் சுருக்கப்படும் அந்தத் தாளில் இரண்டு மதிப்பெண் கேள்விகள் பத்து. 13 மதிப்பெண் கேள்விகள் ஐந்து. 15 மதிப்பெண் கேள்வி ஒன்று. பாடத்தில் யூனிட்டும் ஐந்துதான். 13 மதிப்பெண் கேள்விகள் ஒவ்வொன்றிலும் ‘அ அல்லது ஆ’ என்று தேர்வு உண்டு. ஆனால் அந்த இரண்டும் வழக்கமாக ஒரே யூனிட்டிலிருந்து வருபவை. பள்ளியில் கடினமான பாடத்தை அப்படியே சாய்ஸில் விட்டுப் பழகிய மாணவர் இங்கேயும் ஒரு யூனிட்டை விட்டால், 13 மதிப்பெண்ணும், அந்த யூனிட்டுக்குரிய இரண்டு சிறு கேள்விகளின் 4 மதிப்பெண்ணும் சேர்ந்து 17 போய்விடுகின்றன. எழுதத் தொடங்கும் முன்பே தாள் 83க்குச் சுருங்கிவிட்டது. கடைசி 15 மதிப்பெண் கேள்வியும் அந்த யூனிட்டிலிருந்தே வந்து தொலைத்தால், இழப்பைச் சொல்லவே வேண்டாம். ஐந்து யூனிட்டிலும் அரைகுறையாகவேனும் கால் வைப்பது, நான்கில் கரை கண்டு ஒன்றைக் கைவிடுவதைவிடப் பாதுகாப்பானது என்பதே என் கருத்து. பல்கலைக்கழக முதலிடத்தைக் குறிவைப்பவர்களுக்கு இந்த ஆலோசனை தேவைப்படாது.

ஒரே ஒரு அரியர்தானே, அடுத்த முறை எழுதிக்கொள்ளலாம் என்பது இதன் தம்பி. எழுதிக்கொள்ளலாம் என்பது உண்மைதான். ஆனால் ‘சிறப்புத் தகுதியுடன் முதல் வகுப்பு’ பெற, 8.5 சிஜிபிஏ மட்டும் போதாது. எல்லாப் பாடங்களிலும் முதல் முயற்சியிலேயே தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும். சில நிறுவனங்கள் நிலுவையில் அரியர் இருக்கக் கூடாது என்கின்றன. வேறு சில, எப்போதுமே இருந்திருக்கக் கூடாது என்கின்றன. இதைவிடக் கசப்பான விளைவு பாடத்துக்குள்ளேயே இருக்கிறது. முதல் செமஸ்டர் கால்குலஸைத் தவறவிட்டவர், பல துறைகளில் மூன்றாம் செமஸ்டரில் வரும் ஃபூரியர் தொடரையும் உருமாற்றங்களையும் அந்தரத்தில் நின்றுகொண்டு படிக்க வேண்டியிருக்கிறது. அரியர் தேர்வு, நடப்பு செமஸ்டர் தேர்வுகளுக்கு நடுவிலேயே வரும். இன்று பழைய கணிதம், நாளை புதிய பாடம் என்று அட்டவணை அமைந்துவிட்டால் இரண்டுக்கும் ஆபத்து. மதிப்பெண் எதிர்பாராத வகையில் குறைந்திருந்தால் விடைத்தாளின் நகலை வாங்கிப் பார்த்து, பாட ஆசிரியரிடம் காட்டிய பிறகு மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். அதற்கான நாள்கள் குறைவு என்பதால், முடிவு வந்த வாரத்தில் வருத்தப்பட்டுக்கொண்டே இருந்துவிடக் கூடாது.

வருகைப்பதிவைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. 75 சதவீதம் வேண்டும். மருத்துவக் காரணம் போன்றவற்றுக்கு 65 வரை சலுகை கிடைக்கலாம். அதற்கும் கீழே போனால் அந்த செமஸ்டரையே மறுபடி படிக்க நேரும். அந்த பத்து சதவீதச் சலுகையை முதல் மாதத்திலேயே பங்க் அடித்துச் செலவழித்தவர், நவம்பரில் டெங்கு வந்து படுத்தால் என்ன செய்வார்?

நம்ம பாடம் இல்லை என்ற அலட்சியம்

அதே 2021 ஒழுங்குமுறையில், முதல் செமஸ்டரில் எல்லாத் துறையினருக்கும் பைத்தான் நிரலாக்கம் வைக்கப்பட்டிருந்தது. மெக்கானிக்கல், சிவில் மாணவர்களில் பலர் அதை விருந்தாளிப் பாடமாகவே நடத்தினார்கள். சீனியரின் ரெக்கார்டைப் பார்த்து எழுதி, செய்முறைத் தேர்வுக்கு நிரல்களை வரி பிசகாமல் மனப்பாடம் செய்து, ஒரு அடைப்புக்குறி விடுபட்டதால் ஓடாமல் நின்ற நிரலை எங்கே திருத்துவது என்று தெரியாமல் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பது அந்த ஆய்வகத்தில் பழகிய காட்சி. மூன்று ஆண்டு கழித்து, எல்லாத் துறையினரையும் எடுக்கும் மென்பொருள் நிறுவனம் வந்து முதல் சுற்றில் நிரல் எழுதச் சொல்லும்போது, அதே மாணவர்கள் அதே பாடத்தைக் கட்டணம் கட்டி வெளியே படிக்கிறார்கள். கல்லூரிக் கட்டணத்தில் ஏற்கெனவே அடங்கியிருந்த ஒன்று அது. நிரலை எழுதிப் பழக வேண்டும். அதைவிட, வேண்டுமென்றே ஒரு வரியைக் கெடுத்து, வரும் பிழைச் செய்தியை வாசித்துப் பழக வேண்டும். மனப்பாடத்தால் வராத திறமை அந்த இரண்டாவது வேலையில்தான் வருகிறது.

இதன் மறுபக்கம் சான்றிதழ் சேர்ப்பது. ஒரு மணி நேர வெபினாருக்கு ஒன்று, இரண்டு நாள் பயிலரங்குக்கு ஒன்று என்று கோப்பு தடித்துக்கொண்டே போகும். நேர்காணலில் அதில் ஏதாவது ஒன்றைச் சுட்டி, இதில் என்ன கற்றீர்கள் என்று கேட்டால் பதில் மெலிந்துவிடும். ஐ.ஐ.டி.களும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து இணையத்தில் நடத்தும் என்பிடெல் பாடம் ஒன்றைப் பன்னிரண்டு வாரம் முழுதாகப் படித்து முடிப்பது இத்தகைய இருபது சான்றிதழ்களுக்கு மேல். அதில் சேர்ந்து படிக்கக் கட்டணமில்லை. தேர்வு எழுதிச் சான்றிதழ் பெற வேண்டுவோர் மட்டும் பணம் கட்டினால் போதும். வாராந்திரப் பயிற்சிக்கு 25, மையத்துக்குப் போய் எழுதும் தேர்வுக்கு 75 என்பதால், பார்த்து எழுதி ஒப்பேற்றியவருக்கும் படித்தவருக்கும் வித்தியாசம் தெரிந்துவிடும். கேட் தேர்வைக்கூட மூன்றாம் ஆண்டிலேயே எழுதலாம்; மதிப்பெண் மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும். முதல் முறை நன்றாக வராவிட்டால் இழப்பு விண்ணப்பக் கட்டணம் மட்டுமே.

விலைக்கு வாங்கிய புராஜெக்ட்

நகரங்களில் கல்லூரிகள் நெருங்கியிருக்கும் பகுதிகளில் ‘இறுதியாண்டு புராஜெக்ட் செய்து தரப்படும்’ என்ற பலகைகளைப் பார்க்காதவர் இருக்க முடியாது. தலைப்பு, நிரல், கருவி, அறிக்கை, விளக்கக் காட்சி எல்லாம் சேர்த்து ஒரே விலை. நான்கு பேர் கொண்ட குழு பணத்தைப் பங்கிட்டுக் கட்டிவிட்டு நிம்மதியாகிவிடுகிறது. இது நேர்மையற்றது என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை. எனக்கு அதைவிட வேறொன்று உறுத்துகிறது. வைவா எனப்படும் வாய்மொழித் தேர்வில் வெளித்தேர்வாளர் பெரும்பாலும் பெரிய கேள்வி கேட்பதில்லை. சுற்றில் இருக்கும் ஒரு மின்தடையைக் காட்டி, இங்கே ஏன் பத்து கிலோ ஓம் என்கிறார். அல்லது வரைபடத்தில் திடீரென ஏறும் ஒரு புள்ளியைக் காட்டி, இது ஏன் இப்படி என்கிறார். சொந்தமாகச் செய்தவர், முதலில் ஒரு கிலோ ஓம் போட்டோம், சூடாகிவிட்டது, மாற்றினோம் என்று இயல்பாகச் சொல்லிவிடுவார். வாங்கியவர் குழுவில் அடுத்திருப்பவரின் முகத்தைப் பார்ப்பார். பிறகு வேலைக்கான நேர்காணலிலும் இதே கேள்விதான் வருகிறது. புதிதாகப் படிப்பு முடித்தவரிடம் அவர்கள் கேட்க வேறு அனுபவம் ஏது? நான்காண்டில் ஒரு பொருளைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை தானே சிந்தித்துச் செய்து, தோற்று, திருத்திப் பார்க்கும் வாய்ப்பு இந்த ஒன்றுதான் பலருக்கு. சிறிய தலைப்பாக எடுத்து, கல்லூரிப் பணிமனையில் இருக்கும் பொருள்களை வைத்தே செய்தாலும் போதும். ஆறாம் செமஸ்டரிலேயே வழிகாட்டும் ஆசிரியரைத் தேடிப் பேசிவிடுவது, கடைசி நேரத்தில் பலகையைத் தேடிப் போகாமல் காக்கும்.

ஆசிரியர் என்றதும் இன்னொரு தவறு. வருகைப்பதிவு, இன்டர்னல், ஓ.டி. (கல்லூரிப் பணி நிமித்தம் வகுப்புக்கு வராததற்கான அனுமதி) கையெழுத்து ஆகிய மூன்றுக்கு அப்பால் ஆசிரியரிடம் ஒரு வார்த்தை பேசாமலே நான்காண்டைக் கடந்துவிடும் மாணவர்கள் ஏராளம். மேற்படிப்புக்கோ, தேசிய அறிவியல் கழகங்கள் மூன்றும் சேர்ந்து வழங்கும் கோடைக்கால ஆய்வு நல்கைக்கோ விண்ணப்பிக்கும்போது ஆசிரியரின் பரிந்துரைக் கடிதம் தேவைப்படும். அந்த நல்கைக்கு முந்தைய ஆண்டின் இறுதி வாக்கிலேயே விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். முகமே நினைவில்லாத மாணவருக்கு ஆசிரியர் என்ன எழுதுவார்? ‘நன்கு படிப்பவர், நன்னடத்தை உடையவர்’ என்று எழுதித் தருவார். அந்த வாக்கியம் எல்லார் கடிதத்திலும் இருக்கும். வகுப்பு முடிந்ததும் ஒரு சந்தேகத்தைக் கேட்பதில் தொடங்கினால் போதும். நெருக்கம் தானாக வரும்.

தமிழ்வழியில் படித்து வந்தவர்களுக்கு மட்டும் ஒன்று சொல்ல வேண்டும். முதல் செமஸ்டரில் புரியாமல் போவது பெரும்பாலும் இயற்பியல் அல்ல, அதன் ஆங்கிலப் பெயர்கள். திருப்பு விசை என்று நன்கு தெரிந்த பொருள் டார்க் என்ற பெயரில் வரும்போது அந்நியமாகத் தெரிகிறது. உடனே, தனக்கு அறிவு போதாது என்று முடிவு கட்டி, கடைசி வரிசைக்கு நகர்ந்து, செமினாரை நண்பர் தலையில் கட்டிவிட்டு ஒதுங்குவதுதான் தவறு. பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புப் பாடநூல்களின் தமிழ்வழி, ஆங்கிலவழிப் பதிப்புகள் இரண்டும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றை அருகருகே வைத்துச் சில வாரம் வாசித்தால் இந்தத் தடையில் பெரும்பகுதி விலகிவிடும். ஸ்போகன் இங்கிலீஷ் வகுப்புக்குப் பணம் கட்டுவதை அதன் பிறகு யோசிக்கலாம்.

கடைசியாக, யாரும் முதலாண்டில் நினைத்துப் பார்க்காத பெயர் விவகாரம். நம் பள்ளிச் சான்றிதழில் பெயருக்கு முன் இனிஷியல் இருக்கும். ஆதாரில் அது பின்னால் போயிருக்கும். பாஸ்போர்ட்டில் தந்தையின் பெயராக விரிந்திருக்கும். ஆங்கில எழுத்துக்கூட்டலில் ஒரு எச் கூடியோ குறைந்தோ இருக்கும். பல்கலைக்கழகம் பள்ளி மதிப்பெண் பட்டியலில் உள்ளபடியே பட்டத்தில் அச்சிடும். இந்த முரண்பாடு நிறுவனத்தின் சான்றிதழ் சரிபார்ப்பிலோ விசா விண்ணப்பத்திலோ தலைகாட்டும்போது, கையில் நேரம் இருக்காது. சேர்ந்த முதல் செமஸ்டரிலேயே எல்லா ஆவணங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிட்டு, ஆதாரில் திருத்தக்கூடியதை அப்போதே திருத்திக்கொள்ள வேண்டும். பள்ளிச் சான்றிதழிலேயே பிழை என்றால் படித்த பள்ளியின் வழியாகவும், பெயரையே மாற்றுவதானால் அரசிதழ் வழியாகவும் போக வேண்டியிருக்கும். அதற்கு ஆகும் மாதங்களை இறுதியாண்டில் தேடினால் கிடைக்காது. படிப்பு முடிந்து வெளியேறும்போது தற்காலிகப் பட்டச் சான்றிதழ், ஒருங்கிணைந்த மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ் ஆகியவற்றில் அச்சாகியிருக்கும் பெயரையும் பிறந்த தேதியையும் அலுவலகச் சன்னல் முன்னாலேயே சரிபார்க்கவும். வெளிநாடு போகும் எண்ணம் இருப்பவர்கள் முத்திரையிட்ட டிரான்ஸ்கிரிப்ட் (பாடவாரி மதிப்பெண் விவரம்) நகல்களுக்கும் அப்போதே விண்ணப்பித்துவிடலாம்.