கரிக்கும் கரையில் போர் ஓவர் காபி: முதலில் தண்ணீர்

கீழக்கரையில் பன்னிரண்டு பேர் அமரக்கூடிய சிறு காபிக்கடையைத் தொடங்கியபோது, தாண்டிக்குடி அரபிகாக் கொட்டையையும் நல்ல அரவை இயந்திரத்தையும் தேடித் தேடி வாங்கிய நான் தண்ணீரைக் கவனிக்கவில்லை. போர் ஓவர் என்பது வடிதாளில் இட்ட தூளின்மேல் கையால் வெந்நீர் ஊற்றி வடிப்பது; அப்படி வடித்த காபியில் நூற்றுக்கு 98 பங்கு தண்ணீர்தான். முதல் மாதம் முழுவதும் ஒவ்வொரு கோப்பையும் சுள்ளென்று புளித்தது. கொட்டையை மாற்றியும் குறையவில்லை.

கிணற்று நீர் கரிப்பதால் நாங்களும் 20 லிட்டர் கேன்தான் வாங்குகிறோம். உப்புகள் பெரும்பாலும் நீக்கப்பட்ட அந்த ஆர்.ஓ. நீரில், கரைந்த உப்புகளின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் 30 காட்டியது. உயர்தரக் காபித் தொழிலின் உலக அமைப்பான ஸ்பெஷாலிட்டி காபி அசோசியேஷன் இலக்காக வைத்தது லிட்டருக்கு 150 மில்லிகிராம் என்று அறிந்து, மீட்டர் 150 காட்டும்வரை கிணற்று நீரைக் கலந்தேன். இங்கேதான் நான் தவறினேன். புளிப்புப் போய், நாக்கில் உப்பு நின்றது. மீட்டர் நீரின் மின்கடத்தும் தன்மையை வைத்துக் கரைந்த உப்புகளை மொத்தமாகக் கணக்கிடுமே தவிர, எந்த உப்பு என்று சொல்லாது. கடலோரக் கிணற்றில் மிகுந்திருப்பது சோற்றுப்பு. காபித் தூளின் சுவையை இழுத்துத் தருபவையோ மக்னீசியமும் கால்சியமும், புளிப்பை அளவோடு தணிப்பது பைகார்பனேட்.

ஆகவே கிணற்றை விட்டுவிட்டு, 20 லிட்டர் கேன் நீரில் 4 கிராம் எப்சம் உப்பையும் (மக்னீசியம் சல்பேட்) 1.3 கிராம் ஆப்ப சோடாவையும் (சோடியம் பைகார்பனேட்) தனித்தனியே சிறிது நீரில் கரைத்து ஊற்றி, நன்றாகக் கலக்குங்கள். மீட்டர் 150-ஐ ஒட்டிக் காட்டும். எப்சம் உப்பை மருந்துக்கடையில் உட்கொள்ளத்தக்க தரத்தில் கேட்டு வாங்குங்கள். உரக்கடையில் கிடைக்கும் மக்னீசியம் சல்பேட் கூடவே கூடாது. இந்த அளவைச் சமையலறைத் தராசு பிடிக்காது, நகைத் தராசு வேண்டும்.

இனி வடிப்பது எளிது. சிக்கரி கலவாத 15 கிராம் கொட்டையை உப்புமா ரவையைவிடச் சற்றுப் பருமனாக அரைத்து, வெந்நீரில் நனைத்த வடிதாளில் இடுங்கள். 93 டிகிரி நீரில் 45 கிராம் ஊற்றி, 40 நொடி பொறுத்து, மீதியை இரு தவணையாக ஊற்றி மொத்தம் 250 கிராமுக்குக் கொண்டுவாருங்கள். மூன்று நிமிடத்தை ஒட்டி வடிந்துவிட வேண்டும். மிக்ஸியில் அரைத்தால் தூளும் குருணையுமாக வரும்; விலை குறைந்த கையரவையானாலும் கொட்டையை நசுக்கி அரைக்கும் பற்சக்கரம் (பர்) உள்ளதே மேல். கடற்காற்றின் ஈரம் கொட்டையைக் கெடுக்கும், ஆதலால் கடையில் 250 கிராமுக்கு மேல் பிரித்து வைப்பதில்லை.

பின்சேர்க்கை: ஏர்வாடியிலிருந்து எழுதிய வாசகர் ஒருவருக்குக் காபி சப்பென்று இருந்ததாம். விசாரித்ததில், ஆப்ப சோடாவுக்குப் பதில் பேக்கிங் பவுடரையும், எப்சம் உப்புக்குப் பதில் இந்துப்பையும் போட்டிருந்தார். முன்னதில் அமிலமும் மாவும் கலந்திருக்கும், இந்துப்பும் சோற்றுப்பே. காவிரிக் கூட்டுக்குடிநீர் வரும் வீடுகளில் தாதுக்கள் முன்பே இருப்பதால், எதையும் சேர்க்காமல் கரித்தூள் வடிப்பானில் குளோரின் வாடையை மட்டும் போக்கி வடித்துப் பாருங்கள்.