எழுத்துருவில் 'கெ' உடைந்து வருகிறதா?

சொந்தமாகத் தமிழ் எழுத்துரு செய்பவர்கள் முதலில் தடுக்கி விழும் இடம் இதுதான். எல்லா எழுத்தையும் அழகாக வரைந்து, நிறுவிப் பார்த்தால் 'கெ' வரவேண்டிய இடத்தில் 'க' முன்னால், கொம்பு பின்னால் நிற்கும். வரைந்ததில் பிழை தேட வேண்டாம். ஒற்றைக் கொம்பை இடப்பக்கம் நகர்த்தி ஏமாற்றவும் வேண்டாம்.

ஃபாண்ட்ஃபோர்ஜ் என்ற எழுத்துரு செய்யும் மென்பொருளில் எலிமென்ட், ஃபாண்ட் இன்ஃபோ, லுக்கப்ஸ் என்று போங்கள். 'டி', 'கு' போன்றவற்றுக்கு நீங்கள் எழுதிய கூட்டெழுத்து விதி (எழுத்தையும் குறியையும் ஒரே உருவமாக்கும் விதி) எந்த எழுத்துமுறைக்குப் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். 'லத்தீன்' அல்லது 'டீஃபால்ட்' மட்டும் இருந்தால் அதுதான் நோய். ஃபயர்பாக்ஸ், லிப்ரே ஆபீஸ் இரண்டிலும் எழுத்தைக் கோப்பது ஹார்ஃப்பஸ் என்ற நிரல். அப்படிப்பட்ட எழுத்துருவை அது தமிழாக நடத்தாது. கொம்பை முன்னுக்குக் கொண்டுவரும் வேலையையே விட்டுவிடும். அந்த விதியின் எழுத்துமுறைப் பட்டியலில் 'டிஎம்எல்2' (tml2) என்ற தமிழ்க் குறியைச் சேர்த்தால் 'கெ', 'கே', 'கை' எல்லாம் சரியாகிவிடும். 'கொ'வைத் தனியாக வரையவும் தேவையில்லை, கொம்பும் காலும் இருந்தால் போதும்.

'கீ'யின் மேல்சுழி வெட்டுப்படுகிறதா? அதே ஃபாண்ட் இன்ஃபோவில், ஓஎஸ்2 பகுதியின் மெட்ரிக்ஸில் வின் அசென்ட் எண்ணை, உங்கள் எழுத்துருவில் மிக உயரமான எழுத்தின் உச்சிக்கு மேல் ஏற்றுங்கள்.

திருத்தியும் பழைய உருவமே தெரிந்தால் கணினி பழையதைச் சேமித்து வைத்திருக்கிறது. ஒவ்வொரு சோதனைக்கும் எழுத்துருவின் பெயரோடு 1, 2 என்று எண் சேர்த்து நிறுவுங்கள். எனக்கு எத்தனையோ மணி நேரத்தை மிச்சப்படுத்திய பழக்கம் இது.