கரிம வேதியியல் புத்தகமா? ஒரே ஒரு வினையைப் புரட்டிப் பாருங்கள்

அட்டையையும் பக்க எண்ணிக்கையையும் பார்த்துப் புத்தகம் வாங்காதீர்கள். கடையிலேயே, புரோப்பீனுடன் ஹைட்ரஜன் புரோமைடு சேரும் பக்கத்தைத் தேடிப் பிரியுங்கள். ஹைட்ரஜன் எந்தக் கார்பனில் சேரும் என்று சொல்லும் மார்கோவ்னிகாஃப் விதியைக் குறிப்பிட்டு, விளைபொருள் 2-புரோமோபுரோப்பேன் என்று மட்டும் போட்டிருந்தால் அது மனப்பாடப் புத்தகம்; வைத்துவிடுங்கள். நல்ல புத்தகத்தில், எலக்ட்ரான் நகர்வைக் காட்டும் வளைந்த அம்பு இரட்டைப் பிணைப்பில் கிளம்பி ஹைட்ரஜனில் முடியும். அம்பைத் தலைகீழாக வரைந்து பழகினால் எலக்ட்ரான் எங்கிருந்து எங்கே போகிறது என்பதே தப்பாக மனதில் பதிந்துவிடும், பிறகு திருத்துவது பெரும்பாடு. உருவாகக்கூடிய இரண்டு கார்பன் நேரயனிகளையும் வரைந்து, ஈரிணைய அயனிக்கு (நேர்மின்சுமையுள்ள கார்பனோடு வேறு இரண்டு கார்பன்கள் இணைந்தது) ஏன் நிலைப்புத்தன்மை அதிகம் என்றும் சொல்லியிருக்க வேண்டும். பெராக்சைடு இருந்தால் தனி உறுப்பு (இணை சேராத எலக்ட்ரான் கொண்ட துகள்) வழியில் 1-புரோமோபுரோப்பேன் கிடைப்பதை விளக்கியிருந்தால் தயங்காமல் வாங்கலாம்.

பயிற்சி வினாக்களுக்கு வழிமுறையோடு தீர்வு இருக்கிறதா என்றும் பாருங்கள். பல நூல்களுக்குத் தீர்வுக் கையேட்டைத் தனியாகத்தான் வாங்க வேண்டும். இரண்டும் ஒரே பதிப்பாக இருக்கட்டும். பதிப்பு மாறினால் வினா எண்களும் மாறிவிடும். அடிப்படை படிக்க முந்தைய பதிப்பே போதும், பழைய புத்தகக் கடையில் பாதி விலைக்குக்கூடக் கிடைக்கும்.