பிரேக் டிஸ்க்குக்குப் பெயிண்ட் அடிக்கும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓர் இரவு மழையில் நின்ற காரின் டிஸ்க்கில் காலையில் ஆரஞ்சு நிறத்தில் துரு படிந்திருக்கும். அதைப் பார்த்துப் பதறி எமரி பேப்பரைத் தேடுவதுதான் முதல் தவறு. டிஸ்க் என்பது சக்கரத்தோடு சுழலும் வார்ப்பிரும்புத் தட்டு, ஈரம் பட்டால் சில மணி நேரத்தில் துருவேறும். வண்டியை ஓட்டி நாலைந்து முறை பிரேக் பிடித்தால், டிஸ்க்கை இரு பக்கமும் அழுத்திப் பிடிக்கும் பேடே அதைத் துடைத்துவிடும். நாம் கை வைக்க வேண்டியது பேட் உரசாத இடங்களில் பொருக்குப் பொருக்காகத் தடித்த துருவின் மேல்: நடுவில் தொப்பி போல எழும்பி நிற்கும் பகுதி, வெளி விளிம்பு. பெயிண்டும் அங்கே மட்டும்தான்.

வேலையைத் தொடங்கும் முன் தடிமனை அளந்துவிடுங்கள். பெயிண்ட் காய்ந்த பிறகு 'டிஸ்க்கை மாற்றியாக வேண்டும்' என்று தெரிய வந்தால் உழைப்பு வீண். குறைந்தபட்சத் தடிமன் பெரும்பாலும் தொப்பியிலோ விளிம்பிலோ மி.மீ. கணக்கில் பொறித்திருக்கும். அளப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. உரசும் பரப்பு தேய்ந்து பள்ளமாகியிருக்க, ஓரம் மட்டும் தேயாமல் கரை கட்டி நிற்கும். வெர்னியரின் தாடை அந்தக் கரையில் உட்கார்ந்து 21 மி.மீ. காட்டும், உள்ளே 20 தான் இருக்கும். மைக்ரோமீட்டர் இல்லையென்றால், உரசும் பரப்பின் இரு பக்கமும் ஒவ்வொரு நாணயத்தை வைத்து அளந்து, நாணயங்களின் தடிமனைக் கழித்துக்கொள்ளலாம். உரசும் பரப்பில் விரல் நகம் சிக்கும் அளவுக்குத் துருக்குழிகளோ, ஓரம் வரை ஓடும் விரிசலோ தெரிந்தால் அந்த டிஸ்க்கைத் தேய்த்துக் காப்பாற்றப் பார்க்காதீர்கள், மாற்றிவிடுங்கள்.

கழற்றும்போது வண்டி ஜாக்கை மட்டும் நம்பி நிற்கக் கூடாது, ஸ்டாண்ட் வேண்டும். பேடுகளைத் தாங்கும் காலிப்பரை, பிரேக் ஆயில் வரும் ரப்பர் குழாயான ஹோஸில் தொங்கவிடாமல் கம்பி போட்டு சஸ்பென்ஷனில் கட்டுங்கள். ஹோஸ் உள்ளுக்குள் கிழிந்தால் வெளியே பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. துருவில் ஒட்டிக்கொண்ட டிஸ்க்கை சுத்தியால் ஓங்கி அடிப்பதும் வேண்டாம், அந்த அடியை வீல் பேரிங்தான் வாங்கும். பல டிஸ்க்குகளில் தொப்பியில் மரை போட்ட இரண்டு துளைகள் இருக்கும். பொருத்தமான போல்ட்டை மாற்றி மாற்றிக் கால் சுற்றாக முறுக்கினால் டிஸ்க் தானாக எழும்பி வரும்.

பெரும்பாலானவர்கள் கோட்டை விடுவது ஹப்பில். டிஸ்க்கைப் பளபளவென்று தேய்த்துவிட்டு, அது போய் உட்காரும் ஹப் முகத்தை அப்படியே விட்டுவிடுவார்கள். கணக்கு எளிது: 140 மி.மீ. விட்டமுள்ள ஹப்பின் ஓர் ஓரத்தில் 0.1 மி.மீ. துருச் செதில் ஒன்று மாட்டினால் டிஸ்க் சாய்ந்து உட்காரும். 280 மி.மீ. டிஸ்க்கின் விளிம்பில் அந்தச் சாய்வு 0.2 மி.மீ. டிஸ்க் சுழலும்போது பக்கவாட்டில் பல கார்களில் அனுமதிக்கும் ஆட்டமே 0.05 முதல் 0.1 மி.மீ. வரைதான். முதல் நாளில் ஒன்றும் தெரியாது. போகப்போக டிஸ்க் ஓர் இடத்தில் அதிகமாகவும் இன்னோர் இடத்தில் குறைவாகவும் தேய்ந்து, சில ஆயிரம் கிலோமீட்டரில் பிரேக் பெடல் காலடியில் துடிக்க ஆரம்பிக்கும். அப்போது 'டிஸ்க் வளைந்துவிட்டது' என்று பழி டிஸ்க் மேல் விழும். ஹப் முகத்தை, குறிப்பாக ஒவ்வொரு போல்ட்டின் அடியைச் சுற்றியும், வயர் பிரஷ்ஷால் உலோகம் தெரியும்வரை தேய்த்துத் துடையுங்கள்.

இதே காரணத்தால் டிஸ்க் ஹப்பில் அமரும் உட்பக்கத்திலும், வீல் வந்து அமரும் தொப்பியின் முன்முகத்திலும் பெயிண்ட் ஏறக் கூடாது. வீலுக்கு அடியில் பெயிண்ட் இருந்தால் சூட்டில் அது நசுங்கி வீல் நட்டின் இறுக்கம் தளரும். பின் டிஸ்க்கின் தொப்பிக்குள்ளேயே ஹேண்ட்பிரேக் ஷூ இருக்கும் கார்களில் அந்த உள்வட்டத்தையும் தொடாதீர்கள்.

தொப்பிக்கும் விளிம்புக்கும் வயர் பிரஷ், பிறகு 80-ஆம் எண், கடைசியாக 120-ஆம் எண் எமரி பேப்பர் போதும். தூசியை ஏர் அடித்துப் பறக்கவிடாமல் பிரேக் கிளீனரால் நனைத்துத் துடையுங்கள், முகக்கவசம் அவசியம். வினிகரில் ஊறப்போட்டால் துரு கழலும், ஆனால் நன்றாக அலசி உடனே உலர்த்தாவிட்டால் கண்ணெதிரிலேயே மறுபடி துரு பூக்கும். துருவைக் கறுப்பாக்கும் கன்வெர்ட்டரும் துருப்பிடி தளர்த்தும் எண்ணெயும் உரசும் பரப்புக்கு ஆகாது. எண்ணெய் உறிஞ்சிய பேடைச் சுத்தம் செய்து மீட்க முடியாது, தூக்கித்தான் போட வேண்டும்.

மலை இறக்கத்தில் தொடர்ந்து பிரேக் பிடித்தால் டிஸ்க் 400 டிகிரியைத் தாண்டக்கூடும், சாதாரண எனாமல் அங்கே கருகி உதிரும். 600 டிகிரிக்கு மேல் தாங்கும் என்று டின்னில் போட்டிருக்கும் பெயிண்டை வாங்குங்கள். உரசும் பரப்பு முழுவதையும் மாஸ்கிங் டேப்பும் தாளும் கொண்டு மூடிவிட்டு, மெல்லிய பூச்சாக இரண்டு மூன்று தடவை, இடையில் டின் சொல்லும் நேரம் விட்டு அடியுங்கள். ஒரே தடவையில் கெட்டியாக அடித்தால் வழியும், காற்று போகும் துளைகளும் அடைபடும். புது டிஸ்க் சில முழுக்கச் சாம்பல் பூச்சோடு வருவதைப் பார்த்து 'அப்படியானால் நாமும் முழுக்க அடிக்கலாமே' என்று சிலர் கிளம்புவார்கள். அது பேட் முதல் சில பிரேக்கிலேயே சுரண்டி எடுத்துவிடும் மெல்லிய தொழிற்சாலைப் பூச்சு. ஸ்ப்ரே பெயிண்ட் அப்படியில்லை, உருகி பேடில் அப்பிக்கொள்ளும்.

இந்த வகைப் பெயிண்டுகள் பல, சூடு ஏறும்வரை முழுதாக இறுகுவதில்லை. ஆகவே பூட்டிய பின் கை ரேகையைத் துடைக்க பிரேக் கிளீனரைத் தாராளமாகப் பீய்ச்சினால் நேற்று அடித்த பெயிண்ட் கரைந்து ஓடும். துணியில் நனைத்து உரசும் பரப்பை மட்டும் துடையுங்கள்.

வீல் நட்டுகளைக் குறுக்கு வரிசையில், காரின் கையேடு சொல்லும் அளவுக்கு இறுக்கத்தை அளந்து முறுக்கும் டார்க் ரெஞ்சால் முறுக்குங்கள். வண்டியை எடுப்பதற்கு முன் பெடல் கெட்டியாகும்வரை மிதிக்க மறந்தால் முதல் பிரேக்கில் பெடல் தரைவரை போகும். பேடும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று படிய, காலியான சாலையில் 60 கி.மீ. வேகத்திலிருந்து 20 வரை, மிதமாக, முழுதாக நிறுத்தாமல் எட்டுப் பத்து முறை குறைத்துவிட்டு, பிரேக் தொடாமல் சில கிலோமீட்டர் ஓட்டி ஆறவிடுங்கள். 100 கி.மீ. ஓடியதும் நட்டுகளை ஆறிய நிலையில் மறுபடி சரிபாருங்கள்.